செடியைப் பார்ப்பதை விட்டுத் தொட்டியை எடை போட்டேன்

புது இலை விரிந்தால் அதன் காம்பில் ஒரு சின்ன நூலைக் கட்டிவிடுவது என் வழக்கம். எந்த இலை எப்போது வந்தது என்று பிறகு குழம்ப வேண்டியதில்லை. அப்படி நூல் கட்டிக்கொண்டு வந்த மணி பிளாண்ட்டில், நான்கு மாதம் கழித்து எண்ணினால் இரண்டே நூல். அதே தாய்க்கொடியில் வெட்டி ஜன்னல் திட்டில் தண்ணீர் பாட்டிலில் போட்டு வைத்த துண்டு அதற்குள் ஏழு இலை விட்டிருந்தது. அதற்கு உரம் கிடையாது, கவனிப்பு கிடையாது. தண்ணீர் குறைந்தால் ஊற்றுவேன், அவ்வளவுதான். நான்கு மாதமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்தது நிற்கிறது, கவனிக்காமல் விட்டது ஓடுகிறது. கொஞ்சம் அவமானமாகவே இருந்தது.

மொத்தம் எட்டுத் தொட்டிகள். மணி பிளாண்ட் இரண்டு, சிங்கோனியம், பீஸ் லில்லி, மான்ஸ்டெரா, ஸ்பைடர் பிளாண்ட், ரப்பர் செடி, ஸ்நேக் பிளாண்ட். எல்லாமே வீட்டுக்குள். முன்பு மண்ணில் இருந்தவற்றை ஒரே நாளில் கோகோபீட்டுக்கு, அதாவது தேங்காய் நார்த்தூளுக்கு, மாற்றினேன். மண் சிந்தாது, எடை இல்லை, வாடை இல்லை என்பதுதான் காரணம். 650 கிராம் கட்டி ஒன்றை வாளியில் போட்டு 4 லிட்டர் தண்ணீர் ஊற்றினால் எட்டு ஒன்பது லிட்டருக்குப் பூப்போல உதிர்ந்து பொங்கி வரும். பார்க்கவே திருப்தியாக இருக்கும். பொங்கியதை அப்படியே அள்ளித் தொட்டியில் போட்டு, செடியை நட்டு, அலமாரியில் அடுக்கிவிட்டேன். பொட்டலத்தில் ‘கழுவப்பட்டது’ என்று போட்டிருந்தது. அப்புறம் என்ன சந்தேகம்?

முதல் மாதம் ஒன்றும் நடக்கவில்லை. இடம் மாறிய அதிர்ச்சி என்று விட்டேன். இரண்டாவது மாதம் சிங்கோனியத்தின் இலை நுனிகள் காய்ந்து பழுப்பானது. பசி என்று நினைத்து, நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் மூன்றும் (என்.பி.கே.) உள்ள 19:19:19 உரத்தைக் கலந்து ஊற்றினேன். மூன்றாவது மாதம் இன்னும் கொஞ்சம் தூக்கலாக. செடி வளராவிட்டால் எல்லோருடைய கையும் முதலில் உர டப்பாவுக்குத்தான் போகும், என் கையும் போனது. நுனிக் கருகல் இலையின் ஓரங்களுக்கும் பரவியது. மான்ஸ்டெராவின் குருத்து சுருண்ட நிலையிலேயே மூன்று வாரம் நின்றது. பிறகு விரிந்த இலை முந்தைய இலையில் பாதி அளவுதான், மான்ஸ்டெராவுக்கே உரிய கிழிசல் ஒன்றுகூட இல்லை.

என் அக்கா மண்ணில் வளர்ப்பவள். கோகோபீட்டை அவள் ஒரு பொருளாகவே மதிப்பதில்லை. ஒரு நாள் வந்தவள், பீஸ் லில்லியைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “என்ன இது, இந்தக் கனம் கனக்குது? தண்ணிய எப்ப ஊத்தின?”

“நாலு நாளாச்சு. இன்னைக்கு ஊத்தணும். மேல பாரு, பொருபொருன்னு காஞ்சு கிடக்கு.”

“மேல கிள்ளிப் பாத்தா என்ன தெரியும்? தொட்டிய கவுத்துப் பாரு.”

கவிழ்த்துத் தட்டினேன். வேர்ப்பந்து முழுசாக வரவில்லை. மேல் பாதி வேரோடு கையில் வந்தது. கீழ்ப் பாதி தொட்டியிலேயே தங்கிவிட்டது. தங்கியது கருத்து, பிசுபிசுத்து, பிழிந்தால் விரலிடுக்கில் கஷாய நிறத்தில் தண்ணீர் ஒழுகியது. லேசாகச் சாக்கடை வாடை. கையில் வந்த பாதியில் வேர்கள் கீழே இறங்க முயன்று, ஒரே மட்டத்தில் கத்தரித்தாற்போல நின்றிருந்தன. நுனிகள் வெள்ளையாக இல்லை, பழுப்பு. ஒரு வேரைப் பிடித்து இழுத்தேன். மேல்தோல் மட்டும் உறைபோலக் கழன்று வந்தது, உள்ளே நூல்போல ஒரு நரம்பு மிஞ்சியது. ஆனால் மேற்புறத்தில் இருந்த ஒரு விரற்கடை கோகோபீட், ஊதினால் பறக்கும் அளவுக்குக் காய்ந்திருந்தது.

கோகோபீட்டின் முதல் ஏமாற்று இதுதான். தன் எடையைப் போல எட்டு மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும் பொருள் அது. மேற்பரப்பு சீக்கிரம் காய்ந்து வெளிறிவிடும். ஈரமாக இருந்தால் கரும்பழுப்பு, காய்ந்தால் இளம்பழுப்பு என்று நிறம் பளிச்சென்று மாறுவதால் நமக்குக் காய்ந்ததாகவே தோன்றும். அடியில் நடப்பது வேறு கதை. எந்தத் தொட்டியிலும் தண்ணீர் வடிந்து முடிந்த பிறகும் அடியில் சில சென்டிமீட்டர் உயரத்துக்கு ஈரம் தேங்கித்தான் நிற்கும். துகள் பொடியாக இருக்க இருக்க அந்த உயரம் கூடும். தேங்கிய இடத்தில் காற்றுக்கு இடமில்லை. காற்று இல்லாத இடத்துக்கு வேர் இறங்காது, இறங்கினாலும் அழுகும். அடியில் கூழாங்கல் போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று நானும் நம்பி இரண்டு தொட்டிகளில் போட்டிருந்தேன். அது தேங்கும் மட்டத்தைக் கல்லுக்கு மேலே தூக்கிவிடுகிறது. வேருக்கு இருக்கிற இடம்தான் இன்னும் குறைகிறது. கல்லையெல்லாம் எடுத்து வெளியே போட்டேன்.

அன்று இரவே சமையலறைத் தராசை எடுத்தேன். இந்தக் கதையில் உருப்படியான காரியம் ஒன்று நான் செய்தேன் என்றால் அது இதுதான். 6 அங்குல பிளாஸ்டிக் தொட்டியில் இருந்த மணி பிளாண்ட்டுக்கு நிறையத் தண்ணீர் ஊற்றி, ஒரு மணி நேரம் வடியவிட்டு நிறுத்தேன். 1,480 கிராம். மறுநாள் அதே நேரத்தில் 1,461. அடுத்த நாள் 1,442. ஒரு நாளைக்குப் பத்தொன்பது கிராம். இதில் செடி குடித்தது, மேற்பரப்பிலிருந்து ஆவியானது எல்லாம் சேர்த்தி. நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? நான்கு நாளுக்கு ஒருமுறை கால் லிட்டர். நான்கு நாளில் தொட்டி இழப்பது 80 கிராம்கூட இல்லை. மீதி 170 மில்லி போய் நின்ற இடம், அழகுக்காக வைத்திருந்த வெளித்தொட்டி. அதில் நின்ற தண்ணீரை கோகோபீட் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். கரைந்திருந்த உரத்தையும் சேர்த்து. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு எங்கேயும் போகாது.

அந்தப் பத்தொன்பது கிராம் என்ற எண்ணை வைத்துக்கொண்டு யோசித்தபோதுதான் எல்லாம் ஒரே சங்கிலி என்று புரிந்தது. செடி குடிக்கவில்லை, அதனால் அடி காயவில்லை. அடி காயாததால் வேர் இறங்கவில்லை. வேர் இல்லாததால் கொடுத்த உரம் உண்ணப்படாமல் சேர்ந்தது. உப்பு சேரச் சேர வேருக்குத் தண்ணீரை இழுப்பது இன்னும் கடினமாகியது. அதனால் இன்னும் குறைவாகக் குடித்தது. இதில் எந்தக் கண்ணி முதலில் அறுந்தது என்று தேடுவதைவிட, எங்கே கை வைத்தால் குடிக்கத் தொடங்கும் என்று தேடுவதுதான் பிழைப்பு.

முதலில் உப்பைப் பார்த்தேன். ஈ.சி. மீட்டர் என்று பேனா அளவில் ஒரு கருவி கிடைக்கிறது. தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பதை அதன் மின்கடத்தலை வைத்துக் காட்டும். டி.டி.எஸ். மீட்டர் இருந்தாலும் போதும், ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. கருவி உள்ளே அளப்பது மின்கடத்தலைத்தான், அது காட்டும் பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்பது அதைப் பெருக்கிக் காட்டும் கணக்கு. சில கருவிகள் 500ஆல் பெருக்கும், சில 700ஆல். இரண்டு பேர் பி.பி.எம்.மில் பேசிக்கொண்டால் வேறு வேறு பொருளைப் பேசிக்கொண்டிருப்பார்கள். அதனால் ஈ.சி.யிலேயே, மில்லிசீமென்ஸ் கணக்கிலேயே பேசுவது நல்லது.

அளக்கும் முறை எளிது. வழக்கம்போலத் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் விட வேண்டும். பிறகு 100 மில்லி அளவுக்குச் சுத்தமான தண்ணீரை மேலே மெதுவாக ஊற்றினால், உள்ளே இருந்த பழைய தண்ணீரை அது கீழே தள்ளும். வடிதுளையில் வரும் முதல் 50 மில்லியைப் பிடித்து அளக்க வேண்டும். என் உரத்தண்ணீர் உள்ளே போகும்போது 0.9. மணி பிளாண்ட் தொட்டியிலிருந்து வெளியே வந்தது 3.4. பீஸ் லில்லியில் 4.1. வீட்டுக்குள் வளரும் இலைச்செடிக்கு வேர்ப்பகுதியில் 1, 1.5 என்று இருந்தால் தாராளம். நான்கு மாதமாகச் செடிகளை உப்புக்குள் ஊறப்போட்டிருக்கிறேன்.

இதில் என் உரம் எவ்வளவு, கோகோபீட்டோடு வந்தது எவ்வளவு? மிச்சமிருந்த ஒரு புதுக் கட்டியை ஊறவைத்துக் கைப்பிடி எடுத்துப் பிழிந்து அளந்தேன். 2.6. உரமே படாத, ‘கழுவப்பட்ட’ கோகோபீட்! தேங்காய் மட்டையிலேயே இயல்பாகப் பொட்டாசியமும் சோடியமும் குளோரைடும் நிறைய உண்டு. மட்டையை உப்புநீரில் ஊறவைத்து நார் எடுத்திருந்தால் இன்னும் கூடும். எத்தனை தடவை கழுவினார்கள், எந்தத் தண்ணீரில் கழுவினார்கள் என்பதைப் பொட்டலம் சொல்லாது.

சரி, கழுவிவிட்டால் தீர்ந்தது என்றுதான் நானும் நினைத்தேன். மூன்று முறை அலசினேன். பிழிந்த தண்ணீர் 0.6க்கு இறங்கியது. ஆனால் கழுவினால் போவது கரைந்து திரியும் உப்பு மட்டும்தான். நார்த்தூளின் மேற்பரப்பு எதிர்மின்சுமை உடையது. அந்த இடங்களில் பொட்டாசியமும் சோடியமும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வெறும் தண்ணீருக்கு அவை எழுந்து போகாது. இரட்டை மின்சுமை உள்ள கால்சியமோ மக்னீசியமோ வந்தால்தான் எழுந்து இடம் கொடுக்கும். இதன் பலன் என்னவென்றால், புதுக் கோகோபீட்டில் நாம் ஊற்றும் கால்சியத்தை முதலில் நார்த்தூள் எடுத்துக்கொள்ளும். பதிலுக்குப் பொட்டாசியத்தை அவிழ்த்துவிடும். செடிக்குக் கால்சியம் போய்ச் சேராது. கூடவே, அதிகமான பொட்டாசியம் மக்னீசியம் உள்ளே போவதையும் மறிக்கும். கோகோபீட்டை ‘ஒன்றும் இல்லாத வெறும் ஊடகம்’ என்று சொல்வார்கள். சத்து இல்லை என்பது சரிதான், ஆனால் பசி இருக்கிறது. செடிக்கு முன்னால் பந்தியில் உட்காருவது அதுதான்.

என் மான்ஸ்டெராவின் குட்டி இலைக்கும் விரியாத குருத்துக்கும் விளக்கம் இங்கே கிடைத்தது. கால்சியம் ஒருமுறை ஓர் இலைக்குப் போய்விட்டால் அங்கேயே தங்கிவிடும், வேறு இலைக்கு நகராது. அதனால் பற்றாக்குறை வந்தால் முதலில் காட்டுவது குருத்தும் புது இலையும்தான். சுருங்கும், ஓரம் கருகும், கோணலாக விரியும். மக்னீசியம் நேர்மாறு. குறைந்தால் செடி பழைய இலையிலிருந்து உருவிப் புதியதற்குக் கொடுத்துவிடும். அதனால் கீழ் இலைகள் நரம்பு பச்சையாக இருக்க, இடையில் மட்டும் மஞ்சளாகும். எந்த வயது இலையில் கோளாறு தொடங்குகிறது என்று பார்ப்பது, என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்ப்பதைவிடப் பயனுள்ளது.

இப்போது நான் கட்டியைத் தயார் செய்வது இப்படி. வெந்நீரோ தண்ணீரோ ஊற்றி உதிர்த்து, பிழிந்த தண்ணீரின் ஈ.சி. குழாய்த் தண்ணீரின் ஈ.சி.யைவிட 0.3க்கு மேல் கூடாத அளவுக்கு இறங்கும்வரை அலசுவேன். பெரும்பாலும் மூன்று தடவை. பிறகு லிட்டருக்கு 2 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்த தண்ணீரில் முழுக்க மூழ்கவைத்து ஓர் இரவு விட்டுவிடுவேன். காலையில் வடித்து, ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசிப் பயன்படுத்துவேன். முதல் தடவை இதைச் செய்தபோது வடித்த தண்ணீரை ஆவலோடு அளந்தேன். போகும்போது இருந்த அதே அளவுதான் கிட்டத்தட்ட வந்தது. வேலையே நடக்கவில்லையோ என்று பதறினேன். நடந்துதான் இருந்தது. ஒரு கால்சியம் உள்ளே போனால் இரண்டு பொட்டாசியம் வெளியே வருகிறது, மின்சுமைக் கணக்கு சமம். மீட்டருக்கு வாசலில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று தெரியும், யார் நிற்கிறார்கள் என்று தெரியாது.

நம்பிக்கை வரவில்லை என்பதால் ஒரு சின்னச் சோதனை செய்தேன். ஒரே கொடியிலிருந்து இரண்டு கணு உள்ள மூன்று துண்டுகள், ஒரே அளவு கப், ஒரே ஜன்னல், ஒரே உரத்தண்ணீர். முதல் கப்பில் பொட்டலத்திலிருந்து எடுத்த கோகோபீட் அப்படியே. இரண்டாவதில் அலசியது மட்டும். மூன்றாவதில் அலசிக் கால்சியத்தில் ஊறவைத்தது. ஆறு வாரத்தில் முதலாவது ஓர் இலை விட்டது, நுனி கருகி. இரண்டாவது இரண்டு இலை, அதில் இரண்டாவது சுருக்கம் விழுந்து சின்னதாக. மூன்றாவது மூன்று இலை விட்டு, கப்பின் அடித்துளையில் வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது. மூன்று துண்டு வைத்துச் செய்ததை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன். எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஏற்கெனவே செடி இருக்கும் தொட்டியை இப்படி ஊறவைக்க முடியாது. அவற்றைக் குளியலறைக்கு எடுத்துப்போய், தொட்டியின் கொள்ளளவுக்கு மூன்று நான்கு மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி அலசினேன். வடிநீர் 1க்குக் கீழே வந்ததும் நிறுத்தி, கடைசி ஒரு லிட்டரை மட்டும் லேசான கால்சியம் நைட்ரேட் கரைசலாக ஊற்றினேன். வெறும் தண்ணீரோடு முடித்தால் செடிக்குக் கையிருப்பு ஒன்றுமில்லாமல் போய்விடும். அடி அழுகியிருந்த மூன்று தொட்டிகளை அலசவில்லை. அழுகிய பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, புது கோகோபீட்டில் நான்கில் ஒரு பங்கு பெர்லைட் (காற்றோட்டத்துக்குப் போடும் வெள்ளைப் பொரிகல்) கலந்து, முன்பைவிடச் சின்னத் தொட்டியில் நட்டேன். பாதி வேர் போன செடியைப் பழைய பெரிய தொட்டியிலேயே வைத்தால், வேர் எட்டாத இடத்தில் ஈரம் மறுபடி தேங்கும்.

உரத்தில் நான் செய்த தவறு அளவில் மட்டும் இல்லை, வகையிலும்தான். 19:19:19 பொட்டலத்தின் பின்பக்கத்தை அப்போதுதான் படித்தேன். அதிலுள்ள நைட்ரஜனில் பாதிக்கு மேல் யூரியா வடிவில். மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் யூரியாவை மாற்றிக் கொடுத்துவிடும். புதுக் கோகோபீட்டில் அந்தப் பட்டாளம் குறைவு. மேலும் யூரியாவுக்கு மின்சுமை கிடையாது, ஈ.சி. மீட்டரில் அது தெரியவே தெரியாது. கால்சியமோ மக்னீசியமோ அந்தப் பொட்டலத்தில் துளியும் இல்லை. ஆக, கோகோபீட்டில் எது கட்டாயம் வேண்டுமோ அதைத் தவிர மற்றதையெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது 10 லிட்டர் தண்ணீருக்கு 4 கிராம் கால்சியம் நைட்ரேட், 2.5 கிராம் எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட்), 3 கிராம் என்.பி.கே., கூடவே இரும்பு உள்ள நுண்ணூட்டக் கலவையை அதன் பொட்டலத்தில் சொன்னதில் பாதி. என்.பி.கே.யில் நைட்ரேட் அதிகமுள்ளதாகப் பார்த்து வாங்குகிறேன். வாளித் தண்ணீரில் ஒவ்வொன்றாகப் போட்டு, ஒன்று முழுசாகக் கரைந்த பிறகுதான் அடுத்தது. அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஒரு டம்ளர் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்தால், கால்சியமும் பாஸ்பேட்டும் சல்பேட்டும் சேர்ந்து அடியில் வெள்ளை மாவாகப் படியும். அது செடிக்கு உதவாது. என் குழாய்த் தண்ணீரோடு சேர்த்து இந்தக் கலவை 1.1, 1.2 வருகிறது. ஒவ்வொரு முறையும் இதையே ஊற்றுகிறேன். ‘வாரம் ஒருமுறை உரம், மற்ற நாள் தண்ணீர்’ என்பது மண்ணுக்குச் சரி. கோகோபீட்டில் கொஞ்சம் கொஞ்சமாக எப்போதும் கொடுப்பதுதான் சரிப்படுகிறது. ஊற்றியதில் பத்தில் ஒரு பங்காவது வடிதுளை வழியே வெளியேறும்படி ஊற்றுகிறேன், வடிந்ததை உடனே கொட்டிவிடுகிறேன். குழாய்த் தண்ணீர் கடினமானதாக இருந்தால் கால்சியத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். ஆர்.ஓ. தண்ணீர் என்றால் குறைக்கவே கூடாது, அதில் ஒன்றுமே இருக்காது.

பி.எச்., அதாவது தண்ணீரின் அமில-காரத்தன்மை அளவு, பற்றி நிறையப் பேர் பயமுறுத்துவார்கள். கலந்த தண்ணீர் 5.8க்கும் 6.3க்கும் இடையில் இருந்தால் நல்லது. கடின நீர் ஊற்றும் வீடுகளில் மாதக்கணக்கில் பி.எச். ஏறி, இரும்பு கிடைக்காமல் புது இலை நரம்பு மட்டும் பச்சையாக வெளிறும். அப்படித் தெரிந்தால் கவனிக்க வேண்டும். என் செடிகளில் அது வரவில்லை, அதனால் நான் அதன் பின்னால் ஓடவில்லை.

இவ்வளவும் செய்த பிறகு வளர்ந்ததா? பாதிதான். நுனிக் கருகல் நின்றது. வேர் வெள்ளையானது. ஆனால் தினசரி எடை இழப்பு 19லிருந்து 26க்கு வந்து அங்கேயே நின்றுகொண்டது. அப்போதுதான் ஜன்னல் திட்டுப் பாட்டில் மறுபடி கண்ணில் பட்டது. ஏழு இலை விட்டு, எட்டாவதைச் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றது. தண்ணீரில் என்ன இருக்கிறது என்று யோசித்தேனே தவிர, அது நிற்கும் இடத்தை நான் யோசிக்கவில்லை.

போனில் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கும் செயலியை இறக்கி, பகல் 12 மணிக்கு அளந்தேன். ஜன்னல் திட்டில் 3,800. அலமாரி, ஜன்னலிலிருந்து இரண்டரை மீட்டர் தள்ளி, 190. போன் அளவு துல்லியம் இல்லைதான். ஆனால் இருபது மடங்கு வித்தியாசத்துக்குத் துல்லியம் எதற்கு? அந்த அலமாரிப் பக்கம் எனக்கு வெளிச்சமாகத்தான் தெரிந்தது, உட்கார்ந்து புத்தகம் படித்திருக்கிறேன். நம் கண் பாவை விரிந்து சரிக்கட்டிக்கொள்ளும். இலைக்கு அந்த வசதி இல்லை. வெளியே நேர் வெயிலில் 1 லட்சம் லக்ஸ் போகும். 190 என்பது செடி உயிரோடு இருக்கப் போதும், வளரப் போதாது. ‘குறைந்த வெளிச்சத்தில் வளரும் செடி’ என்று விற்கப்படுவதெல்லாம் குறைந்த வெளிச்சத்தில் சாகாத செடி என்றுதான் பொருள்.

நான்கு தொட்டிகளை ஜன்னலுக்கு ஒரு மீட்டருக்குள் கொண்டுவந்தேன். மீதிக்கு அலமாரியிலேயே வெள்ளை எல்.இ.டி. விளக்கு, இலைக்கு 30 சென்டிமீட்டர் மேலே, டைமர் போட்டுத் தினம் 12 மணி நேரம். இலை மட்டத்தில் 5,000 லக்ஸ் பக்கம் வந்தது. முதல் வாரமே தராசு சொல்லிவிட்டது. தினம் 26 கிராம் இழந்த தொட்டி 48. இரண்டாவது வாரம் 60. அப்புறம் 70ஐத் தொட்டது. அப்போதும் புது இலை எதுவும் இல்லை! கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இதுவும் பலிக்கவில்லை என்று வேறு எதையாவது மாற்றியிருப்பேன். மூன்றாவது வாரக் கடைசியில்தான் துளிர் கண்ணுக்குத் தெரிந்தது. இலையில் வரும் செய்தி தராசில் வந்ததைவிடப் பதினைந்து இருபது நாள் தாமதம். இதற்கு முன் நான் செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வாரம்கூட அவகாசம் கொடுக்காமல் அடுத்ததைச் செய்ததுதான், நான்கு மாதத்தில் எதுவுமே புரியாமல் போனதற்குக் காரணம்.

தண்ணீர் ஊற்றும் நாளையும் தராசிடமே விட்டுவிட்டேன். நிறைந்த எடை 1,480. காய்ந்த கோகோபீட், தொட்டி, செடி எல்லாம் சேர்த்து 300 சொச்சம். ஆக, உள்ளே தண்ணீர் ஏறக்குறைய 1,200. அதில் பாதி போய், தராசு 900 பக்கம் காட்டும்போது ஊற்றுகிறேன். முன்பு இருந்த வேகத்தில் அதற்கு ஒரு மாதம் ஆகியிருக்கும், இப்போது எட்டு ஒன்பது நாள். இரண்டு மாதம் நிறுத்துப் பழகிய பிறகு தராசு அவ்வளவாகத் தேவைப்படவில்லை. ஒரு கையால் தூக்கினாலே தெரிகிறது. அக்கா செய்தது அதுதான், அவளுக்குக் கிராம் கணக்கு தெரியாது என்பது மட்டுமே வித்தியாசம். ஒன்று கவனிக்க வேண்டும். ரொம்பவும் காயவிட்டால் கோகோபீட் சுருங்கித் தொட்டியின் பக்கச் சுவரை விட்டு விலகும். அப்போது ஊற்றும் தண்ணீர் அந்த இடைவெளி வழியே நேரே கீழே போய்விடும், நாம் நன்றாக ஊற்றியதாக நினைப்போம். அப்படி ஆனால் தொட்டியை அரைமணி நேரம் தண்ணீர் நிறைந்த தட்டில் வைத்து அடியிலிருந்து உறிஞ்சவிட வேண்டும்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. அடி எப்போதும் ஈரமாக இருந்த காலத்தில் கொசு மாதிரிக் குட்டிக் கருப்புப் பூச்சிகள் தொட்டியைச் சுற்றிப் பறந்தன. மஞ்சள் ஒட்டும் அட்டை வைத்தேன். ஆனால் பூச்சி ஒழிந்தது அட்டையால் இல்லை, மேல் பகுதி உண்மையிலேயே காயத் தொடங்கியதால். ஏ.சி. காற்று நேராகப் படும் இடத்தில் இருந்த ரப்பர் செடி மட்டும் கடைசிவரை சோம்பேறியாக இருந்தது. தொட்டிக்குள் வெப்பமானியைச் செருகினால் 17 டிகிரி. இந்தச் செடிகளுக்கு வேர் 20க்கு மேல் இருந்தால்தான் வேலை நடக்கும். நான்கு அடி தள்ளி வைத்தேன், வேறு ஒன்றும் செய்யவில்லை. ஸ்நேக் பிளாண்ட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். அது இயல்பிலேயே நிதானம், அதை வேகப்படுத்தப் போய்த்தான் பலர் அழுகவிடுகிறார்கள். வெளிச்சம் குறையும் மாதங்களில் எல்லாச் செடியும் கொஞ்சம் மெதுவாகும். அப்போது எடை இழப்பும் சேர்ந்தே குறையும் என்பதால், அதைப் பார்த்து நானும் தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறேன்.

இப்போது யாராவது கோகோபீட்டில் செடி நின்றுவிட்டது என்று சொன்னால், என்ன உரம் கொடுக்கிறீர்கள் என்று நான் கேட்பதில்லை. தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள் என்பேன். வேர் பழுப்பாக இருந்தால் ஈரத்தையும் உப்பையும் பார்க்க வேண்டும். வேர் வெள்ளையாக, நன்றாகவே இருந்தும் செடி நின்றால் மூன்று நாள் எடை போட்டு வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். வேர் தொட்டி முழுக்கச் சுற்றி நெருக்கியிருந்தால் பெரிய தொட்டி. இந்த மூன்றும் இல்லை என்றால்தான் உரம். நான் சரியாகத் தலைகீழாகப் போனேன்.

பீஸ் லில்லி பிழைக்கவில்லை. இரண்டு முறை மாற்றி நட்டும் கிழங்கு மெதுவாக உள்ளிருந்தே அழுகிப் போனது. சிங்கோனியத்தின் கருகிய இலைகள் திரும்பப் பச்சையாகவில்லை, ஆகவும் ஆகாது. புது இலைகள் ஆறு வந்த பிறகு பழையவற்றை வெட்டிவிட்டேன். மணி பிளாண்ட்டில் நூல் கட்டுவதை நிறுத்திவிட்டேன், பத்தாவது இலைக்குப் பிறகு பொறுமை போய்விட்டது. போன வாரம் அக்கா வந்தபோது, கால்சியத்தில் ஊறிக்கொண்டிருந்த வாளியை எட்டிப் பார்த்து, “இது என்ன, செடிக்கு முன்னாடி இதுக்கு ஊட்டுறியா?” என்றாள். ஆமாம் என்றேன். தலையில் அடித்துக்கொண்டு, மணி பிளாண்ட் தொட்டியை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, “நாளைக்கு ஊத்து” என்று சொல்லிவிட்டுப் போனாள். நிறுத்துப் பார்த்தேன். 930.